தோலுக்குள்ள ஈயம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, அமெரிக்க போலீஸ்காரங்க ஒரு காலத்துல பாக்கெட்ல வச்சிருந்த தோல் தடி பத்தி, அதாவது அவங்க சாப், பிளாக்ஜாக்னு சொல்ற சாமான் பத்தி, ரெண்டு பாரா எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்வி வழக்கத்தை விட ஜாஸ்தி. தோல் வேலை கத்துக்கிறவங்க, பழைய போலீஸ் சாமான் சேர்க்கிறவங்க, சட்டம் படிக்கிறவங்கன்னு எல்லா பக்கத்துல இருந்தும் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேர்த்து பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: அண்ணா, சாப், பிளாக்ஜாக், ஸ்லாப்பர்னு மூணு பேர் வருது. மூணும் ஒண்ணா? உள்ள என்னதான் இருக்கும்?

குடும்பம் ஒண்ணு, வடிவம் வேற. பிளாக்ஜாக் உருண்டையா இருக்கும், ஒரு முனையில ஈயக்கட்டி, அங்கிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரு சுருள் ஸ்பிரிங் இல்லன்னா வளையுற தண்டு, மொத்தத்துக்கும் மேல தோல் உறை, சிலதுல அந்த உறையே பின்னல் வேலையா இருக்கும், சிலதுல ஒரே நீளத்துக்கு தையல் ஓடியிருக்கும். சாப் தட்டை. ரெண்டு மூணு அடுக்கு கெட்டித் தோல், ஒரு பக்கம் அகலமா மறுபக்கம் ஒடுங்கி வரும், அகலமான பக்கத்துல ஈயம், பிடி பக்கத்துல நிறைய மாடல்ல ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை ஒண்ணு, ஓரம் முழுக்க சுத்தி தையல். ஸ்லாப்பர்ங்கிறது இந்த தட்டை சாப்புக்கே இன்னொரு பேரு.

ஏன் ஈயம்னு சிலர் தனியா கேட்டிருக்கீங்க. ஈயத்தோட அடர்த்தி தண்ணியை விட 11 மடங்குக்கு மேல, இரும்பு 8 மடங்கு கூட வராது. அதனால கைக்கு அடங்குற சின்ன சாமான்லயே கனத்தை திணிக்க முடிஞ்சுது. பேன்ட் பாக்கெட்ல போட்டா வெளிய தெரியாது, நைட்ஸ்டிக்னு சொல்ற நீளமான போலீஸ் தடி மாதிரி கார்ல உக்காரும்போது இடுப்புல இடிக்காது. மேரிலாண்டுல இருந்த பக்ஹைமர் மாதிரி கம்பெனிங்க ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), பெல்ட்டோட சேர்த்தே இதையும் போலீஸ்காரங்களுக்கு வித்தாங்க. அந்தக் காலத்துல இது ஒளிச்சு வச்சு விக்கிற சரக்கு கிடையாது.

கேள்வி: அமெரிக்க போலீஸ் பேன்ட்ல தொடைக்கு பின்னால நீளமா ஒடுக்கமா ஒரு பாக்கெட் இருக்கே, அது எதுக்கு சார்?

அதுக்கு பேரே சாப் பாக்கெட்தான். சாமான் போயிடுச்சு, பாக்கெட் நின்னுடுச்சு. இப்ப அதுல டார்ச் லைட், கையுறை, பேனான்னு என்னத்தையாவது செருகிக்கிறாங்க, நிறைய யூனிஃபார்ம் கம்பெனிங்க இன்னும் அந்த பாக்கெட்டை தைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

கேள்வி: இவ்வளவு வசதியான சாமான்னா போலீஸ் ஏன் விட்டாங்க? புது ஆயுதம் வந்ததாலயா?

புது ஆயுதமும் ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் மனுஷனோட மண்டை. இதை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பழைய சாமான் சேர்க்கிறவங்க பேசும்போது இந்த பக்கத்தை அப்படியே விட்டுட்டு தையல் அழகை மட்டும் பேசுறாங்க.

மரத்தடியில அடிச்சா சருமம் கிழியும், ரத்தம் வரும், பாக்கிறவனுக்கு தெரியும். தோல் சுத்துன ஈயம் அடியோட வேகத்தை கொஞ்சம் அகலமா பரப்பும், அதனால மேல காயம் கம்மியா தெரியலாம். ஆனா அந்த கனம் எங்கயும் போகல, உள்ளதான் இறங்குது. மண்டையோடு விரிசல் விடும், மூளைக்கு மேல இருக்கிற ரத்தக்குழாய் அறுந்து உள்ள கசியும், அடிபட்டவன் எழுந்து நடந்து பேசிட்டு சில மணி நேரம் கழிச்சு மயங்கி விழலாம். ரொம்ப நாளா இதை "மென்மையான" ஆயுதம்னு நினைச்சுக்கிட்டே பயன்படுத்தினாங்க, எனக்கு இதுல பெரிய வருத்தம் அதுதான், தோல் உறை அடிச்சவனோட மனசாட்சிக்கும் சேர்த்து உறை போட்டுடுச்சு.

அப்புறம் கோர்ட்டு. 1978ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் மொனெல் வழக்குல, நகராட்சியோட கொள்கையோ நடைமுறையோ ஒருத்தரோட உரிமையை மீறினா நகராட்சி மேலயே கேஸ் போடலாம்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி தனி போலீஸ்காரர் மேலதான் போட முடியும், அவர் கையில என்ன காசு இருக்கப் போகுது. இப்ப நஷ்ட ஈடு ஊர் கஜானாவுல இருந்து போகணும்னு வந்ததும், எந்த சாமான் கொடுக்கிறோம், யாருக்கு என்ன பயிற்சி, எங்க அடிக்கலாம் எங்க அடிக்கக் கூடாதுன்னு டிபார்ட்மென்ட்டெல்லாம் எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க. 1989ல கிரஹாம் வழக்குல, போலீஸ் காட்டுன பலம் அந்த நேரத்து சூழ்நிலையில நியாயமான ஒரு அதிகாரி செஞ்சிருக்கக் கூடியதாங்கிற அளவுகோலை கோர்ட் வச்சுது. தலையில வேணும்னே அடிக்கிறது உயிரைப் பறிக்கிற பலம்னு பல டிபார்ட்மென்ட் விதியில வந்துடுச்சு. சாப் கைக்கு நீளம் கம்மி, கிட்டப் போய் அடிக்கணும், கிட்டப் போனா கை தானா தலை, கழுத்து பக்கம்தான் போகும், அப்ப இதை வச்சுக்கிட்டு விதிப்படி தொடையிலயும் கையிலயும் மட்டும் அடின்னா நடக்குற காரியமா?

அதே காலகட்டத்துல பக்கவாட்டு கைப்பிடி வச்ச பிஆர்-24 தடி வந்துது, மடிச்சு நீட்டுற ஸ்டீல் தடி வந்துது, பெப்பர் ஸ்ப்ரே வந்துது, மின்சார ஷாக் கொடுக்கிற டேசர் வந்துது. சாப்புக்கு இடமில்லாம போச்சு. இதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னும் சொல்ல மாட்டேன். 1991ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ராட்னி கிங்ங்கிற கறுப்பினத்தவரை போலீஸ் அடிச்சது புதுசா பயிற்சி கொடுத்து கையில தந்த அந்த பக்கவாட்டு பிடி உலோகத் தடியிலதான்.

கேள்வி: எனக்கு தோல் வேலை தெரியும் அண்ணா. ஒரு பழைய ஸ்டைல் சாப் நானே செய்யணும்னு ஆசை. ஈயம் எவ்வளவு, எப்படி வார்க்கணும், எங்க வைக்கணும்னு சொல்லுங்க.

தம்பி, அந்த பகுதியை நான் சொல்ல மாட்டேன், ஏன்னு சொல்லிடுறேன். முதல் காரணம் சட்டம். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 22210 பிரிவுல பில்லிங்கிற குட்டைத் தடி, பிளாக்ஜாக், சாப், கயிறு நுனியில கனம் கட்டுன ஸ்லங்ஷாட், மணல் பை வரைக்கும் பேர் போட்டு சொல்லியிருக்கு, விக்கிறது மட்டுமில்ல, செய்யுறதும் கையில வச்சிருக்கிறதுமே குற்றம். நியூயார்க் சட்டத்துலயும் பிளாக்ஜாக் வச்சிருக்கிறது குற்றம்தான். டெக்சாஸ்ல 2019 செப்டம்பர்ல இருந்து தடி வகையை எடுத்துட்டு போறதுக்கு இருந்த தடையை நீக்கிட்டாங்க. ஆக ஒரு ஸ்டேட்ல அலமாரியில வைக்கிற சாமான் பார்டர் தாண்டினா கேஸ். வாங்கினேன், விக்கல, அலங்காரத்துக்குத்தான்னு சொன்னா எல்லா இடத்துலயும் எடுபடாது.

ரெண்டாவது காரணம் மேல எழுதினதுதான், அதை எழுதிட்டு அடுத்த பாரால செய்முறை சொல்ல எனக்கு மனசு வரல. ஈயத்தை வீட்டுல உருக்குறது வேற தனி ஆபத்து, புகையும் தூசியும் குழந்தைங்க இருக்கிற வீட்டுக்குள்ள போகக் கூடாத விஷயம்.

ஆனா உனக்கு உண்மையில பிடிச்சது அந்த வேலைப்பாடுதான்னு உன் கேள்வியிலயே தெரியுது, அடுக்கு ஒட்டுறது, ஓரம் சீவுறது, சுத்தி தைக்கிறது, தேய்ச்சு மெருகேத்துறது. அந்த மொத்த வேலையும் ஒரு தடி மாட்டுற ஹோல்டர்லயும், போலீஸ்காரங்க சாமானெல்லாம் மாட்டுற டியூட்டி பெல்ட்லயும், பெல்ட் கீப்பர்லயும், கைவிலங்கு உறையிலயும் அப்படியே இருக்கு. அதே ஆளுங்க, அதே டேபிள், அதே குத்தூசியிலதான் ரெண்டையும் செஞ்சாங்க. கீப்பர்ல ஆரம்பி, உள் பெல்ட்டையும் வெளி பெல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த சின்ன வளையம், தோல் துண்டு மிச்சத்துலயே வந்துடும், ரெண்டு பட்டன் அடிக்கணும், ஓரம் சீவணும், தையல் நேரா போகணும், தப்பு நடந்தா பெரிய நஷ்டம் இல்ல. கீப்பர் நல்லா வந்தா ஹோல்டருக்கு போகலாம்.

கேள்வி: கைத்தையல் உறுதின்னு எல்லாரும் சொல்றாங்க, மெஷின் தையல் பாக்க இன்னும் நேரா இருக்கே. சும்மா பெருமைக்கு சொல்றதா?

பெருமை இல்லங்க, அமைப்பு வேற. மெஷின் லாக் ஸ்டிச்ல மேல ஒரு நூல், கீழ ஒரு நூல், ரெண்டும் தோலுக்கு நடுவுல ஒண்ணை ஒண்ணு கொக்கி போட்டுக்கும். மேல் நூல் ஒரு இடத்துல தேஞ்சு அறுந்தா கீழ் நூலுக்கு பிடிமானம் போகும், இழுக்க இழுக்க அடுத்தடுத்த தையலும் விடும். சேணத் தையல்ல ஒரே நூல், ரெண்டு நுனியிலயும் ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா கடந்து போகும். அதனால வெளிப்பக்கம் ஒரு தையல் அறுந்தாலும் மறுபக்கத்துல ஓடுற நூல் அந்த இடத்தை பிடிச்சுக்கும். சீட்டுல உக்காந்து எழுந்து, கதவுல உரசி, வருஷக்கணக்கா தேயுற டியூட்டி கியர்ல இது பெரிய வித்தியாசம்.

அதுக்காக கையால தைச்ச எல்லாம் உசத்தின்னு எடுத்துக்காதீங்க. மோசமான கைத்தையல் நல்ல மெஷின் தையலை விட மோசம். குத்தூசி வைர வடிவத்துல இருக்கணும், ஓட்டையெல்லாம் ஒரே சாய்வுல விழணும், அந்த சாய்வுதான் தையல் வரிசைக்கு அந்த சாஞ்ச அழகை கொடுக்குது. ஒவ்வொரு ஓட்டையிலயும் எந்த ஊசி முதல்ல போகுதோ அதையே கடைசி வரைக்கும் முதல்ல போடணும், நடுவுல மாத்தினா அந்த இடம் பல்லு விழுந்த மாதிரி தெரியும். இழுவை ரெண்டு கையிலயும் ஒரே அளவு. ரெண்டாவது ஊசியை விடும்போது முதல் நூலை குத்திடக் கூடாது, குத்திட்டா அப்புறம் இழுத்து டைட் பண்ண முடியாது, முடிஞ்ச மாதிரி இருக்கும் ஆனா உள்ள தொளதொளன்னு நிக்கும். முடிவுல ரெண்டு மூணு தையல் திரும்பி வந்து நூலை ஒட்ட வெட்டணும்.

நூல் எவ்வளவு எடுக்கணும்னு கேட்டவங்களுக்கு: தையல் நீளத்துக்கு நாலு மடங்கு எடுத்தா பெரும்பாலும் போதும், அடுக்கு கனமா இருந்தா இன்னும் கூட்டிக்குங்க. லினன் நூல்னா தேன்மெழுகுல நல்லா இழுத்துக்கணும், பாலியஸ்டர் மெழுகு போட்டே வருது. இன்னொண்ணு, தையல் நெருக்கமா இருந்தா உறுதின்னு ஒரு நம்பிக்கை ஓடுது. கனமான சாமானுக்கு இஞ்சுக்கு 6, 7 தையல் சரி. அதுக்கு மேல நெருக்கினா ஓட்டை வரிசையே கிழிசல் கோடா மாறிடும், ஸ்டாம்பு ஷீட்ல கிழிக்கிறதுக்கு துளை போட்டிருப்பாங்களே அந்த கதைதான். தையல் போற பாதையில முதல்ல ஒரு மெல்லிய பள்ளம் கீறிட்டா நூல் தோல் மட்டத்துக்கு கீழ உக்காந்துக்கும், உரசல் நேரா நூல் மேல விழாது. பழைய நல்ல போலீஸ் பெல்ட்டெல்லாம் எடுத்து பாருங்க, மேல் வழவழப்பு போயிருக்கும், நூல் அப்படியே கிடக்கும். காரணம் அந்த பள்ளம்.

கேள்வி: எந்த தோல் வாங்கணும்? அவுன்ஸ்னு போடுறாங்க, எடையா அது?

அது கனத்தோட அளவு. ஒரு அவுன்ஸ்னா இஞ்சுல 64ல ஒரு பங்கு, சுமாரா 0.4 மில்லிமீட்டர். 8, 9 அவுன்ஸ்னா 3.2ல இருந்து 3.6 மில்லிமீட்டர் வரும், ஹோல்டர், உறை எல்லாத்துக்கும் அந்த ரேஞ்சு நல்லா வரும்.

வகைன்னா மரப்பட்டையில பதப்படுத்தின தோல்தான், வேற யோசனையே வேணாம். அதுதான் நனைச்சு அச்சுல அமுக்கினா அந்த வடிவத்துல நிக்கும், முத்திரை அடிச்சா பதியும், ஓரத்தை ஈரப்படுத்தி மரக்கட்டையால தேய்ச்சா கண்ணாடி மாதிரி மின்னும். குரோம்ல பதப்படுத்தினது மென்மையா தண்ணி தாங்குறதா இருக்கும், ஷூவுக்கும் கையுறைக்கும் சரி, ஆனா ஓரம் மெருகேறாது, அச்சு நிக்காது, ஹோல்ஸ்டருக்குள்ள அந்த பதப்படுத்துற குரோம் உப்பு துப்பாக்கி உலோகத்துல துரு கிளப்பலாம். அமெரிக்காவுல இந்த வேலைக்கு பேர் போன ரெண்டு தோல் பதனிடுற கம்பெனின்னா ஒண்ணு செயின்ட் லூயிஸ்ல 1881ல ஆரம்பிச்ச ஹெர்மன் ஓக், இன்னொண்ணு 1867ல டொராண்டோவுல ஆரம்பிச்சு இப்ப பென்சில்வேனியாவுல இருக்கிற விக்கெட் அண்ட் கிரெய்க். ரெண்டும் இன்னும் பட்டைத் தோல் போடுறாங்க.

நனைஞ்ச பட்டைத் தோலை சீக்கிரம் காயட்டும்னு ஹீட்டர் முன்னாடி வைக்காதீங்க. 70, 80 டிகிரி தொட்டா ஈரத்தோட இருக்கிற நார் சுருங்கி கட்டையாயிடும், அது திரும்பவே திரும்பாது.

கேள்வி: போலீஸ் பெல்ட்ல கூடை முடையுற டிசைன் ஏன் எப்பவும்?

கீறல் தெரியாது. ப்ளெயின் தோல்ல ஒரு கார் கதவு உரசினாலே கோடு விழும், கூடை டிசைன்ல அது கலந்துடும். அழகு அப்புறம் வந்த லாபம்.

கேள்வி: டியூட்டி பெல்ட்டை சாம் பிரவுன்னு சொல்றாங்களே, யாரு அது?

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல இருந்த அதிகாரி சாமுவேல் பிரவுன். 1858ல சண்டையில இடது கை போயிடுச்சு, அதுக்கப்புறம் வாளை ஆட்டமில்லாம இடுப்புல நிறுத்த தோள் வழியா ஒரு வார் போட்ட பெல்ட்டுதான் அவர் பேர்ல நின்னுது. அமெரிக்க போலீஸ்ல தோள் வார் கழண்டு போயிடுச்சு, 2¼ இஞ்சு அகல பெல்ட்டுக்கு பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

கேள்வி: லிங்கன் ஒரு ஸ்லங்ஷாட் கேஸ்ல வாதாடினாராமே, நிஜமா?

நிஜம். 1858, இல்லினாய்ஸ்ல பியர்ட்ஸ்டவுன். டஃப் ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு வாலிபன், லிங்கனோட பழைய நண்பரோட மகன், மெட்ஸ்கர்ங்கிறவரை ஸ்லங்ஷாட்டால அடிச்சு கொன்னதா வழக்கு. ஸ்லங்ஷாட்னா கயிறு நுனியில கனத்தை கட்டுனது, கப்பல்காரங்க கயிறு வீச பயன்படுத்துன எடையில இருந்து வந்தது, சாப்புக்கு முன்னோடின்னு சொல்லலாம். நிலா வெளிச்சத்துல பாத்தேன்னு சாட்சி சொன்னாரு, லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்து அந்த நேரத்துல நிலா எவ்வளவு தாழ இருந்துதுன்னு ஜூரிக்கு காட்டுனாரு. அந்த ஸ்லங்ஷாட் என்னோடதுன்னு வேற ஒருத்தர் சாட்சியும் சொன்னாரு. டஃப் விடுதலை.

கேள்வி: என் கலெக்ஷன்ல ஒரு பழைய சாப் இருக்கு, சட்டப்படி வச்சிருக்கலாம்ங்கிற ஸ்டேட்லதான் இருக்கேன். தோல் செவப்பு பொடியா உதிருது, தையல் வழியா வெள்ளையா ஏதோ வருது. எண்ணெய் போடலாமா?

எண்ணெய் பாட்டிலை முதல்ல தள்ளி வைங்க. ரெண்டும் ரெண்டு பிரச்சனை.

செவப்பு பொடி, ரெட் ராட்னு சொல்ற சிதைவு, பழைய பட்டைத் தோல்ல காத்துல இருக்கிற கந்தக வாயு அமிலமா மாறி நாரையே அரிச்சதால வர்றது. போன நாரை திரும்ப கொண்டு வர முடியாது. எண்ணெய் விட்டா கருத்துப் போயி கெட்டியாகும், அவ்வளவுதான். மியூசியத்துல ஹைட்ராக்ஸிபுரோபைல் செல்லுலோஸை ஆல்கஹால்ல கரைச்சு மெல்லிசா தடவுவாங்க, அது பொடியை கட்டிப் பிடிக்கும், மேற்கொண்டு உதிராது.

வெள்ளைதான் எனக்கு கவலை. ஈயம் ஆர்கானிக் அமில ஆவி பட்டா வெள்ளைப் பொடியா அரிக்கும், ஓக் மரப் பெட்டியில மூடி வச்ச ஈயச் சாமானுக்கு இது வழக்கமா வர்ற வியாதி. அந்த பொடி விஷம். ஊதாதீங்க, காஞ்ச துணியால தட்டாதீங்க, கையுறை போட்டு ஈரத்துணியால ஒத்தி எடுத்து துணியை கவர்ல கட்டி, உங்க ஊர்ல அபாயக் கழிவு வாங்குற இடத்துல கொடுங்க, கையை சோப்பு போட்டு கழுவுங்க. தையலை பிரிச்சு பாக்கவே வேணாம். மரப் பெட்டியில இருந்து எடுத்து அமிலம் இல்லாத அட்டைப் பெட்டியில, குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. வீட்டுல சின்ன குழந்தை இருந்து அந்த சாமான் திறந்து கிடந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்துல ஈய அளவு பாத்துடுங்க, இதுல கூச்சப்படாதீங்க.

நல்லா இருக்கிற பெல்ட், ஹோல்ஸ்டருக்கு மாட்டுக்கால் எண்ணெய் போடலாம், அதுவும் கை வச்சு தடவுற அளவு. ஊற வச்சா ஹோல்ஸ்டர் தளர்ந்து துப்பாக்கியை பிடிக்கிற பிடி போயிடும்.

கேள்வி: பால்டிமோர் போலீஸோட எஸ்பன்டூனுக்கு, அதாவது அந்த ஊர் நைட்ஸ்டிக்குக்கு, தோல் வார் மாத்தணும் அண்ணா. எந்த இடத்துத் தோல்ல வெட்டணும்?

நல்ல கேள்வி. மத்த ஊர்ல நைட்ஸ்டிக் வாரு கை நழுவாம இருக்கத்தான், பால்டிமோர்ல அந்த வார்ல பிடிச்சுத்தான் தடியையே சுழட்டுவாங்க, ரோந்து போற போலீஸ்காரரோட அடையாளமாவே அது இருந்துது. 1994ல அங்க அதை நிறுத்தி 2000ல திரும்ப அனுமதிச்சாங்க. சுழட்டும்போது இழுவை முழுக்க வார் மேலதான், அதனால வயித்துப் பக்கத் தோல் கூடவே கூடாது, அது இழுபட்டுக்கிட்டே போகும். முதுகுத்தண்டுக்கு பக்கத்துல, தண்டு போற திசையிலயே நீளமா வெட்டுங்க, அந்த திசையிலதான் தோல் இழுபடுறது கம்மி. வெட்டின வாரை லேசா நனைச்சு ஒரு கனத்தை கட்டி ராத்திரி முழுக்க தொங்க விடுங்க, காஞ்சப்புறம் உங்க கை அளவுக்கு நீளம் பாத்து ஓட்டை போடுங்க. முதல்லயே ஓட்டை போட்டுட்டா கொஞ்ச நாள்ல நீண்டு தொங்கும், திரும்ப ஒரு வார் வெட்ட வேண்டியதாயிடும்.